மொதல்ல ஊருக்குள்ள போயிச் சொல்லுங்க சாமி

தவக்காலம் வந்தால் எங்கள் சேரிக்குத் தியானக் குழு வந்துவிடும். ஒரு சாமியார், இரண்டு கன்னியர், ஆர்மோனியப் பெட்டியோடு உபதேசியார். நான் எட்டாவது படித்த வருசம் வந்த சாமியார் மூன்று நாளும் ஒன்றையே பேசினார். கடவுளின் அருள் இலவசம். அதைச் சம்பாதிக்க முடியாது. பிறப்பால் அது வருவதில்லை. கையை நீட்டினால் போதும். மூன்றாம் நாள் ராத்திரி என் அம்மாயி எழுந்து நின்றாள்.

"நல்லாத்தான் சொல்றீங்க சாமி. நாங்க எப்பவும் கையத்தான் நீட்டிக்கிட்டு இருக்கோம். இத மொதல்ல ஊருக்குள்ள போயிச் சொல்லுங்க. அவுகளுக்குத்தான் இது தெரியல."

சாமியார் சிரித்தார். உபதேசியார் அவசரமாகப் பாட்டை எடுத்துவிட்டார்.

அம்மாயி சொன்ன ஊர் இந்துக்களின் ஊர் அல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தாம். ஒரே கோயில், ஒரே பூசை. பக்தியில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தினம் செபமாலை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி, திருவிழாவுக்கு முதல் வரி. ஆனால் தேர் எங்கள் தெருவுக்கு வராது. எங்கள் பிணத்துக்குத் தூம்பா கிடையாது. கல்லறையும் தனி.

நான் தமிழ் படித்தவன். அருளுக்குப் பழைய செபங்களில் 'பிரியதத்தம்' என்று ஒரு சொல் இருந்தது. பிரியப்பட்டுக் கொடுத்தது என்று அர்த்தம். கொடுப்பவரின் பிரியம்தான் கணக்கு. வாங்குபவரின் தகுதி கணக்கே இல்லை. சாதி என்ன சொல்கிறது? பிறக்கும்போதே தகுதியோடு பிறந்தேன் என்கிறது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க முடியாது. பிறப்பால் உயர்ந்தவன் என்று நம்புகிறவன் அருளை நம்பவில்லை. அவன் எத்தனை செபமாலை உருட்டினாலும், அருளின் செய்தி அவன் காதில் இன்னும் விழவில்லை.

இயேசு இதை யாரிடம் சொன்னார்? ஊதாரி மகன் கதையைப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்தபோதுதான் சொன்னார். அந்தக் கதையில் கடைசிவரை வீட்டுக்கு வெளியே நிற்பவன் தம்பியில்லை. ஒழுங்காக உழைத்த அண்ணன். தம்பிக்கு விருந்து என்றதும் உள்ளே வரமாட்டேன் என்கிறான். நம் பங்குகளில் பிரசங்கம் எல்லாம் தம்பியைப் பற்றித்தான். அண்ணன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

இது இன்று தொடங்கிய கோளாறு இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி உயர்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி மாதிரி வேடம் போட்டார். 1640 வாக்கில் மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் வந்தார்கள். ஒரே அருளுக்கு இரண்டு வகைச் சாமியார்! வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் வெள்ளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்றவர்களும் ஒரு பக்கம், நடுவில் சுவர். அதை இடிக்க 1910 ஆனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர். அதை உடைக்க 2010இல் தோழர்கள் போனார்கள்.

எறையூரை மறக்க முடியுமா? 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியக் கிறித்தவர்கள். அவர்களுக்கும் அருளை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றுதான் நான் சொல்வேன். சாதியைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்தவர்களுக்கு, காப்பாற்ற உன்னிடம் ஒன்றுமில்லையப்பா, எல்லாம் கொடுத்தது என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போயிற்று.

சாதி சமூகப் பிரச்சினை, அருள் ஆன்மீகம், இரண்டையும் குழப்பாதே என்பார்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னொரு தந்திரமும் உண்டு. நாங்கள் உரிமை கேட்கும்போது அருளைக் காட்டுவார்கள். பங்குப் பேரவையில் இடம், பள்ளியில் வேலை, குருமடத்தில் சேர்க்கை கேட்டால், 'பொறுமையாயிரு, கடவுள் தருவார்' என்று பதில். அய்யா, கடவுள் தருவது அருள். நீங்கள் தரவேண்டியது பாக்கி. இந்திய ஆயர் பேரவையே 2016இல் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று எழுதியது. பாக்கி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கமும் லேசில்லை. 1950 ஆணையில் விட்டுப்போன சீக்கியரை 1956இலும் பவுத்தரை 1990இலும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவனைச் சேர்க்கவில்லை. உன் மதத்தில் சாதி இல்லை என்கிறது அரசு. இருக்கிறது என்கிறது கல்லறைச் சுவர்.

நம் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். அருந்ததியர் வீட்டில் தண்ணி குடிக்கத் தயங்குகிற நம் ஆளுக்கும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அம்மாயி செத்தபோது மழைக்காலம். வயல் வரப்பில் சேற்றில் வழுக்கி வழுக்கித் தூக்கிப் போனோம். ஊர் ரோடு காய்ந்து கிடந்தது. கல்லறையில் மந்தரித்த சாமியார் அருளைப் பற்றித்தான் பேசினார்.

குருமடத்தில் படிக்கும் தம்பிகளே, தியானம் கொடுக்கும் சாமியார்களே! அடுத்த தவக்காலத்துக்கு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வர வேண்டாம். எங்களுக்கு அது தெரியும். கையை நீட்டியே பழகினவர்கள் நாங்கள். ரோட்டைத் தாண்டிப் போங்கள். முதல் பெஞ்சைப் பார்த்துச் சொல்லுங்கள். கல்லெறி விழுந்தால், சரியான இடத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.