போர்டு போய்விட்டதா? முதலில் ராமைப் பாருங்கள்!

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது. விளக்குகள் எரிகின்றன. ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை. உடனே பலரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து.

இது என் சொந்த அனுபவம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் பாகங்களை வாங்கினான். இருவரும் சேர்ந்து பொருத்தினோம். டிஸ்ப்ளே வரவில்லை. ஒரு நிமிடம் பார்ப்பது, அணைப்பது, மீண்டும் போடுவது என்று பத்து முறையாவது செய்திருப்போம். மறுநாள் கடையில், "போர்டு போயிடுச்சு சார். நீங்க மாட்டும்போது ஏதோ ஆயிருக்கு, வாரண்டி கிடைக்காது" என்றார்கள். புது போர்டு 14,000 ரூபாய். "நாமளே கெடுத்துட்டோமா அண்ணா?" என்று தம்பி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவுதான் மதர்போர்டுடன் வந்த கையேட்டைத் திறந்தேன். நாங்கள் செய்த தவறுகள் இரண்டு.

ஒன்று, இரண்டு ராம்களையும் முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் மாட்டியிருந்தோம். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும்.

மற்றொன்று, அவசரம். டிடிஆர்5 ராம் உள்ள கம்ப்யூட்டர் முதன்முறை இயங்கும்போது, ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையே சிக்னல் நேரத்தைத் துல்லியமாகச் சரிசெய்துகொள்ளும். இதற்கு மெமரி ட்ரெய்னிங் என்று பெயர். சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பாதியில் அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் பத்து முறையும் அதைத்தான் செய்திருந்தோம்!

ஒரு ராமை மட்டும் சரியான ஸ்லாட்டில் மாட்டிவிட்டுக் காத்திருந்தோம். நான்கு நிமிடத்தில் பயாஸ் திரை வந்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், மின் இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகு ராம்களைக் கழற்றுங்கள். உங்கள் போர்டுக்கு உரிய ராம்தானா என்று பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் பள்ளம் இருக்கும் இடம் வேறு, ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. கையேடு சொல்லும் ஸ்லாட்டில் ஒரே ஒரு ராமை, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். வரவில்லையா? அதே ஸ்லாட்டில் அடுத்த ராமைப் போடுங்கள். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாவிட்டால், கோளாறு ராமில். இரண்டுமே ஒரு ஸ்லாட்டில் மட்டும் வேலை செய்யாவிட்டால், அந்த ஸ்லாட்டையோ ப்ராசசர் சாக்கெட்டையோ சந்தேகிக்கலாம். எதுவும் நடக்காவிட்டால், கையேட்டின்படி சிமாஸை கிளியர் செய்து மீண்டும் முயலுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் போர்டு மீது பழி போட வேண்டும்.

ராம் அட்டையில் 6000 என்று போட்டிருந்தாலும், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயாஸில் முதல் நாளே ஆன் செய்ய வேண்டாம். சாதாரண வேகத்தில் விண்டோஸ் நன்றாக இயங்கிய பிறகு செய்துகொள்ளலாம்.

"நீங்கள் இன்ஜினியர், உங்களுக்கு எளிது" என்று நினைக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நான்கு வருடமும் நான் ஒரு ராமைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் சாஃப்ட்வேரில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அதற்குத் தேவை பட்டம் அல்ல, பொறுமை.

கடைக்காரர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. கூட்ட நேரத்தில் பத்து நிமிடம் காத்திருக்க அவர்களால் முடிவதில்லை. ஆனால் பணம் உங்களுடையது. "எந்த ராமை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள், கேபினட்டைத் திறங்கள்.