விரல் போனாலும் வாய் திறக்கக் கூடாதா?

அம்பத்தூரிலும் கிண்டியிலும் பவர் பிரஸ் ஓடாத நாள் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் பிரஸ் கீழே இறங்கும். கை உள்ளே இருந்தால் விரல் போச்சு!

பிறகு நடப்பது பட்டறையில் வேலை பார்க்கும் பலருக்கும் தெரிந்த கதைதான். போர்மேன் கையில் துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றுவார். "மெஷின்லே அடிபட்டதுன்னு சொல்லாதே தம்பி. வீட்டுக் கதவிலே நசுங்கிச்சுன்னு சொல்லு. செலவை முதலாளி பார்த்துக்குவார்" என்பார். வலியில் துடிப்பவர் தலையை ஆட்டிவிடுவார்.

அந்தத் தலையாட்டல்தான் குடும்பத்தையே கவிழ்க்கிறது!

தையல் போட முதலாளி பணம் கொடுக்கலாம். மறு ஆபரேஷனுக்குக் கொடுப்பாரா? மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டு வாடகை யார் தருவது? கேட்கப் போனால், "வீட்டிலே நசுங்கினதுக்கு நான் என்னப்பா செய்யறது?" என்று பதில் வரும்.

இ.எஸ்.ஐ. வைத்தியம் யாரும் போடும் பிச்சை அல்ல. 2019 ஜூலை முதல் 100 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 பைசாவும் முதலாளி 3 ரூபாய் 25 பைசாவும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் ஆஸ்பத்திரி நடக்கிறது.

வேலையில் அடிபட்டால் வைத்தியம் இலவசம். ஓய்வில் இருக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 100-க்கு 90 வீதம் உதவித்தொகை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு! கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீத ஊனம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று சட்டமே அட்டவணை போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஆயுள் முழுக்கப் பணம் வரும்.

கதவில் நசுங்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் உதவித்தொகையும் ஆயுள் பணமும் கை நழுவிப் போகும்!

உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் அங்கேயும் டாக்டரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். பட்டறையில் விபத்துப் பதிவேடு இருக்கிறது. அதில் அன்றைக்கே எழுத வேண்டும். முதலாளி இ.எஸ்.ஐ. ஆபீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

"எனக்குக் கார்டே போடலையே" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். முதலாளி பணம் கட்டாதது தொழிலாளி குற்றமா? அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் இ.எஸ்.ஐ. கழகம் வசூல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறையா? அங்கும் வைத்தியச் செலவு முதலாளி பொறுப்பு. 2009-ல் நஷ்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தியே இதைச் சேர்த்தார்கள்.

முதலாளிகளும் யோசிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயந்து மறைக்கிறார்கள். ஒழுங்காகப் பங்கு கட்டியவருக்கு வைத்தியச் செலவு தலையில் விழாது. மறைத்தவருக்குத்தான் பிற்பாடு கோர்ட்டும் வக்கீலும்!

அதிகாரிகளுக்கும் வேலை இருக்கிறது. விபத்துப் பதிவேடு முதலாளியின் மேஜை டிராயருக்குள் தூங்கினால் யாருக்கு லாபம்? தொழிலாளி கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறவர்கள் முதலில் அதைக் கேட்கட்டும்.

துணியில் ரத்தம் காய்வதற்குள் நடந்தது பதிவேட்டில் ஏற வேண்டும்!