"பால் கட்டியிருக்கு" என்று சொல்லியே பூனைகளைச் சாகவிடுகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

போன கிழமை இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, "சேர், எங்கட பூனைக்கு வயிறெல்லாம் கட்டி கட்டியா வீங்கி நடக்கவும் ஏலாமக் கிடக்கு" என்றது. வீட்டில் என்ன செய்தீங்க என்று கேட்டோம். "உம்மா மஞ்சள் பூசினா. குட்டி வரப்போகுதாம்."

அந்தப் பூனைக்கு ஒரு வயதுகூட இல்லை. சில கிழமைக்கு முன் "குட்டி போடாத ஊசி" போட்டிருக்கிறார்கள். விசயம் அங்கேதான்.

அந்த ஊசியில் இருப்பது கர்ப்பகால ஹோர்மோனைப் போன்ற மருந்து. இளம் பூனைக்கு அதனால் முலைச் சுரப்பிகள் திடீரென்று கல்லுப் போல வீங்கலாம். பால் வராது. இது புற்றுநோயும் இல்லை. ஊசி போடாத பூனைக்கும் முதல் பருவத்துக்குப் பிறகோ சினைப்பட்டபோதோ இப்படி வரலாம். தோல் வெடித்துப் புண்ணாகிக் கிருமி ஏறினால்தான் உயிருக்கு ஆபத்து. ஊசியை நிறுத்தி, மிருக வைத்தியரிடம் காட்டிச் சூலகத்தை எடுத்தால் பெரும்பாலும் வீக்கம் மெல்ல மெல்ல வற்றிவிடும். ஊசியின் வேகம் மாதக்கணக்கில் உடம்பில் நிற்கும் என்பதால் பொறுமை வேணும்.

எல்லா வீக்கமும் ஒன்றல்ல. குட்டிக்குப் பால் கொடுக்கிற பூனையின் முலை சிவந்து, சுட்டு, தொட்டால் கத்தினால் அது கிருமித் தொற்று. அதற்கு மருந்து வேணும். பத்து வயது தாண்டிய பூனைக்குப் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேணாம். பூனைகளுக்கு வரும் முலைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். சின்னதா இருக்கும்போதே வெட்டி எடுத்தால்தான் பிழைக்கும். வலிக்குது என்று பனடோல் மட்டும் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது நஞ்சு.

"ஒரு பூனைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கிறோம். மலிவென்று ஊசி போட்டவர்களும் நாம்தானே? ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை ஒப்பரேஷன் செய்தால் இந்த வீக்கமும் வராது, பிற்காலப் புற்றுநோய் ஆபத்தும் பெருமளவு குறையும். ஒப்பரேஷன் கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆட்கள் இல்லை, ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் பாவம் என்று சொல்லிக்கொண்டே குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையில் விட்டுட்டு வருவது எந்த நன்மை?

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை வருசா வருசம் வகுப்பில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போனால் பூனை புண்ணோடு மூலையில் கிடக்கிறது.

மாதம் ஒரு தடவை உங்கட பூனையின் வயிற்றைத் தடவிப் பாருங்க. ரெண்டு நிமிசம்தான். அந்தப் பிள்ளையின் பூனையை நேற்று வைத்தியரிடம் கொண்டு போனார்கள். துஆ செய்யுங்க.