பேதிரிஸைக் கலகக்காரர் என்றால் வெள்ளைக்காரன் சொன்னது சரியா?

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 7 வந்தால் கெப்டன் ஹென்றி பேதிரிஸின் படம் முகப்புத்தகம் முழுக்கச் சுற்றும். படத்துக்குக் கீழே வெள்ளையனை எதிர்த்த புரட்சி வீரன், சுதந்திரத்துக்காக உயிர் கொடுத்த தளபதி என்று விதம் விதமாக எழுதுவார்கள். எங்கட வயசுத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் யோசிக்காமல் அதைப் பகிர்கிறார்கள். பகிர முதல் நாங்கள் சொல்றதையும் ஒருக்கா கேளுங்க.

அவர் வாழ்க்கை சின்னது. 1888 ஆகஸ்ட் 16இல் காலியில், பெரிய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பின் பெயர் பெற்ற பாடசாலைகளில் படித்தார், கிரிக்கெட் விளையாடினார். முதலாம் உலகப் போர் தொடங்கியதும் கொழும்பு நகரக் காவல் படையில் சேர்ந்தார். அது பிரித்தானிய முடியரசின் படை. அதில் மளமளவென்று மேலே வந்து கெப்டன் ஆனார். 1915 கலவரத்தின்போது துப்பாக்கியால் சுட்டார், கூட்டத்தைத் தூண்டிவிட்டார் என்று குற்றம் சாட்டி, இராணுவ நீதிமன்றத்தில் அவசர அவசரமாக விசாரித்து, 1915 ஜூலை 7இல் வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 26. அவர் இரத்தம் படிந்த நாற்காலியை அங்கே அடைபட்டிருந்த மற்றத் தலைவர்களுக்குக் காட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

இது அநீதி. இதில் எங்களுக்கு ரெண்டு கருத்து இல்லை. கேள்வி வேறு. அவர் கலகக்காரரா?

கலகம் என்று சொன்னது யார்? ஆளுநர் ரொபர்ட் சாமர்ஸின் அரசாங்கம். ஜேர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் பெப்ரவரியில்தான் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்து, பலர் பகிரங்கமாகச் சுடப்பட்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் இங்கே நடந்ததையும் முடிக்கு எதிரான சதி என்று எடுத்துக்கொண்டு ஜூன் 2இல் இராணுவச் சட்டம் போட்டார்கள். எஃப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க போன்றவர்களைச் சிறையில் அடைத்தார்கள். படையினரும் பொலிசும் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

இதை எதிர்த்து வாதாடியவர்கள் என்ன சொன்னார்கள்? பொன்னம்பலம் இராமநாதன் போர்க் காலத்தில் கடல் கடந்து லண்டன் போனார், 1916இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஈ. டபிள்யூ. பெரேராவும் போனார். அவர்களுடைய வாதத்தின் அடிப்படை ஒன்றுதான்: இது அரசுக்கு எதிரான கலகமே இல்லை, சிங்கள மக்கள் முடிக்கு விசுவாசமானவர்கள். அப்படியென்றால், இன்றைக்குப் பேதிரிஸைப் புரட்சித் தளபதி என்று எழுதுகிறவர் யாருடைய பக்கம் நிற்கிறார்? அவரைச் சுட்ட நீதிமன்றத்தின் பக்கம். குற்றப்பத்திரிகையை அப்படியே எடுத்துப் பாராட்டுப் பத்திரமாக வாசிக்கிறோம்.

உண்மையில் படை திரட்டிக் கிளம்பிய தளபதி அதே வருஷம் வேறொரு நாட்டில் இருந்தார். சீனாவில் குடியரசின் தலைவர் யுவான் ஷிகாய் தன்னையே பேரரசர் ஆக்கிக்கொண்டபோது, யுனான் மாகாணத்தில் சாய் ஏ என்ற தளபதி 1915 டிசம்பர் 25இல் கொடி தூக்கினார். மூன்று மாதத்துக்குள் யுவான் முடியைக் கைவிட்டார். சாய் ஏ 1916 நவம்பரில் 33 வயதில் நோயால் இறந்தார். அது கிளர்ச்சி. எதிரி யார், எதற்குச் சண்டை என்பதெல்லாம் அதில் தெளிவு. 1915 இலங்கையில் தாக்கப்பட்டது ஆளுநர் மாளிகை இல்லை. முஸ்லிம் கடை.

நாங்கள் இந்தப் பேச்சை எடுப்பதே இதற்காகத்தான். கலகம் இல்லை என்றால் அது என்ன என்று சொல்லியாக வேண்டும். கம்பளையில் பள்ளிவாசல் வழியாகப் பெரஹர போகலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. போர்க் காலத்தில் சாமான் விலை ஏறியது, அந்தக் கோபமும் கரையோர முஸ்லிம் வியாபாரிகள் மேல் விழுந்தது. முஸ்லிம்களை அந்நியர் என்று எழுதிய அநகாரிக தர்மபாலவின் வார்த்தைகளும் சேர்ந்தன. 1915 மே கடைசியில், வெசாக் இரவில், கண்டியில் தொடங்கிய வன்முறை எங்கட வடமேல் மாகாணம் உட்பட ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அரசாங்கக் கணக்கிலேயே கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. இவர்களில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்று. இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தவர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். அதே இராமநாதன் 1915இல் வாதாடியபோது, தமிழர் என்று தானே சொன்ன அந்த மக்களின் எரிந்த கடைகள் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியைத் தாங்களே இழுத்துப் போனார்கள். இராணுவச் சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் பாதி உண்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை முஸ்லிம்கள் கட்டினார்கள். தமிழ், முஸ்லிம் உறவு இன்றைக்கும் கட்டுகிறது. எங்கட ஆட்களும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அரசாங்கம் தங்களைக் காத்தது என்ற நன்றியில், அந்த அரசாங்கம் சுட்டுத் தள்ளிய அப்பாவிச் சிங்களவரை நாங்களும் மறந்தோம்.

'நூறு வருஷத்துக்கு முந்தின புண்ணை ஏன் கிளறுறீங்க?' என்று கேட்பவர்களுக்கு: அது ஆறவில்லை. 2014 அளுத்கம, 2018 திகன. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் பிடிபட்ட செய்தி வந்தது. ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எங்கட ஊர்ப் பெயரைச் சொன்னாலே பார்வை மாறியது. மே 13இல் இதே புத்தளம் மாவட்டத்தில், கொட்டாரமுல்லையில், தன் வேலைத்தளத்தில் இருந்த ஒரு முஸ்லிம் தச்சரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அவர் எந்தக் குண்டும் வைக்கவில்லை. 1915இலும் இதேதான்: வதந்தி, கும்பல், பிறகு கைதுகள். கடைசியில் நினைவில் நிற்பது ஒரு பக்கம் மட்டும்.

பேதிரிஸை மறக்கச் சொல்லவில்லை. விசாரணை என்ற பெயரில் அரசு கொன்ற ஓர் இளைஞர் அவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணை இல்லாமல் வருஷக்கணக்கில் பிள்ளைகள் அடைபட்ட நாட்டில், அவர் கதை எல்லாச் சமூகத்துக்கும் சொந்தம். அவரைக் கலகக்காரர் ஆக்கினால் அந்தப் பாடம் போய்விடும். குற்றமில்லாதவனையும் அரசு கொல்லும் என்பதுதான் அந்தப் பாடம்.

அடுத்த ஜூலை 7இல் படத்தைப் போடுங்க. கூடவே அந்த 25 பேரையும் எழுதுங்க.