பூட்டு மட்டும் போதுமா?

பதினாறு வயதுப் பையன் ஒருவன் கொலை செய்துவிட்டான் என்றால், நம் மக்களில் ஒரு சாரார் "தூக்கில் போடு" என்கின்றார்கள். மற்றொரு சாரார் "பிறவிக் குணம், அவன் தலையெழுத்து" என்கின்றார்கள். இரண்டும் யோசிக்கும் தொல்லையில் இருந்து தப்பித்துக் கொள்ளும் வழியே ஒழிய வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து மாடிசன் நகரில், மெண்டோட்டா மனநோய் வைத்தியசாலையை ஒட்டி 1995-ல் ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள். சிறுவர் சிறைகளில் யாராலும் அடக்க முடியாதென்று கைவிடப்பட்ட முரட்டு வாலிபர்களே அங்கு அனுப்பப்பட்டார்கள். பூட்டும் காவலும் உண்டு. ஆனால் அன்றாட நிர்வாகம் ஜெயிலர் கையில் இல்லை, மனோதத்துவ வைத்தியர்கள் கையில்!

அவர்கள் கண்ட உண்மை இது: தண்டித்தால் பையன் முரண்டு செய்கின்றான், முரண்டு செய்தால் தண்டனை ஏறுகின்றது, ஏற ஏற முரண்டும் ஏறி, கடைசியில் அவன் தனியறையிலேயே கிடக்கின்றான். (நம் வீடுகளில் பிரம்பெடுக்கும் தகப்பன்மாருக்கும் இது தெரியாததல்ல.) இந்தச் சுழலை அறுக்க, இன்றைய நடத்தைக்கு நாளைய சலுகை என்று வைத்தார்கள். நேற்று கெட்டிருந்தாலும் இன்று மறுபடி தொடங்கலாம். தனியறையில் அடைபட்டவனிடமும் வைத்தியர் போய்ப் பேசுவதை நிறுத்துவதில்லை.

"கொலைகாரனுக்குச் சலுகையா? செத்தவன் வீட்டாருக்கு என்ன பதில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். விடுதலையான இருநூறுக்கு மேற்பட்ட வாலிபர்களைத் தொடர்ந்து கவனித்ததில், இந்தச் சிகிச்சை பெறாமல் சாதாரண சிறைகளில் இருந்தவர்கள் பின்னர் 16 பேரைக் கொன்றிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் உத்தமர்களாகிவிடவில்லை. பலர் மறுபடியும் பிடிபட்டார்கள். என்றாலும் அந்த 16 பேரின் தாய் தகப்பன்மாருக்கு நாம் என்ன பதில் சொல்லுவது?

செலவோ அதிகம். ஆனால் 2006-ல் வெளியான கணக்குப்படி, கூடுதலாகச் செலவிட்ட ஒரு டாலருக்கு ஏழு டாலருக்கு மேல் மிச்சமாயிற்று.

நம் நாட்டு 2015-ம் வருஷச் சிறுவர் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்து, பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுகின்றவன், 21 வயது வரை 'பாதுகாப்பு இடம்' என்பதில் இருக்க வேண்டும். பிறகு திருந்தினானா என்று கோர்ட்டு பார்த்து, வெளியே விடுவதா ஜெயிலுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும். சரி, பரீட்சை வைக்கின்றார்கள். அதற்கு முந்திய வருஷங்களில் அந்தப் பூட்டுக்குள் அவனுக்குப் பாடம் சொன்னது யார்? வைத்தியரா, வெறும் சாவிக்கொத்தா?