வலீமா: விருந்தா, வசதியின் விளம்பரமா?

வலீமா என்னும் அரபுச் சொல், ஒன்றுசேர்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது என்பர் மொழியறிஞர். மணமக்கள் இணைந்த மகிழ்ச்சியை முன்னிட்டு மணமகன் அளிக்கும் உணவே வலீமா. அளிப்பவன் மணமகன் என்பதை நம் சமுதாயம் மறந்து நெடுநாளாயிற்று.

இன்று பல ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்தாம் நிக்காஹ் நாளன்று ஊரழைத்துச் சோறு போடுகிறார். எத்தனை பேர் வருவர், எத்தனை வகைக் கறி வேண்டும் என்பதை மாப்பிள்ளை வீட்டார் வரையறுக்கின்றனர். கைக்கூலி கூடாதென மேடையில் முழங்குவோரும் இதனைக் கைக்கூலியாகக் கருதுவதில்லை. ரொக்கமாகக் கேட்டால் கூடாது. பிரியாணியாகக் கேட்டால் கூடுமோ?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் அதில் இடப்பட்டன. ரொட்டியில்லை, இறைச்சியில்லை. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் மணத்திற்கோ ஆடு அறுத்து, ரொட்டியும் இறைச்சியும் வயிறாரப் பரிமாறப்பட்டன. இருந்தபோது இறைச்சி, இல்லாதபோது பேரீச்சம்பழம். இரண்டும் வலீமாதான், இரண்டிலும் கடனில்லை.

"வசதியுள்ளவன் செய்கிறான், உமக்கென்ன?" எனக் கேட்போர் உளர். செல்வர் வீட்டுப் பந்தி அவர் வீட்டோடு முடிவதில்லை, அன்பர்களே! அதுவே அடுத்த தெருவில் வாழும் ஏழைத் தகப்பனுக்கு அளவுகோலாகிறது. அந்த அளவை எட்ட அவர் நகையை அடகு வைக்கிறார், நிலத்தை விற்கிறார்.

"அல்லாஹ் அளித்த அருளை வெளிப்படுத்த வேண்டாமா?" என்பாரும் உளர். தாராளமாக வெளிப்படுத்துங்கள். ஆனால் வகைகளைப் பெருக்குவதை விடுத்து, பந்தியில் ஏழைகளைப் பெருக்குங்கள். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் ஒதுக்கப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என ஹதீஸ் எச்சரிக்கவில்லையா? வலீமா அழைப்பை ஏற்பது கடமை என்று கூறும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களே, அழைப்பு செல்வர்க்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது என்பதையும் அக்கடமைக்கு நிபந்தனையாக வைத்துள்ளன. ஏழையை ஒதுக்கியவர் அழைப்பின் கண்ணியத்தைத் தாமே இழக்கிறார்.

இனி, ஏற்பாட்டைப் பற்றி ஒரு சொல். முதலில் அழைப்போரின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பிறகு பண்டாரியை அழையுங்கள். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. 300 பேருக்கு 30 முதல் 38 கிலோ அரிசி. உடன் தால்சாவும் தயிர்ப் பச்சடியும் ஓர் இனிப்பும் போதும். இதற்குமேல் பொரித்த கோழி, பரோட்டா, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என அடுக்கினால் வயிறு பெரிதாகிவிடுமா? வகை கூடக் கூட அரிசியின் அளவைக் குறைக்கவும் நமக்கு மனம் வருவதில்லை. விளைவு, எல்லாவற்றிலும் பாதி மிஞ்சுகிறது. ஒரே ஸஹனில் சூழ்ந்தமர்ந்து உண்ட காலத்தில் ஒருவர் விட்டதை மற்றவர் உண்டார். தனித்தனித் தட்டில் விட்டது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் எனத் திருமறை கண்டிப்பதை நிக்காஹ் மேடையிலேயே கேட்டுவிட்டு, நேரே அந்தப் பந்திக்குத்தானே செல்கிறோம்!

ஜமாஅத் பெரியவர்களே! தீர்மானம் எழுதி நோட்டீஸ் அடிப்பது எளிது. உங்கள் வீட்டுத் திருமணத்தில் தொடங்குங்கள். பெண் வீட்டாரின் விருந்து வேண்டாமென மறுத்து, மகனின் சம்பாத்தியத்தில் ஒரு சோறு, ஒரு கறி சமைத்து, முதல் பந்தியில் ஏழைகளை அமர்த்துங்கள். ஊர் ஒரு நாள் பேசும். பெண்ணைப் பெற்ற தகப்பன்மார் ஆயுளெல்லாம் உங்களுக்காக துஆச் செய்வர்.