தூங்கும் நிறுவனத்தை என்ன செய்வது?

செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை கிடைக்கும் என்று நம்பி செண்டிரியான் பெர்ஹாட் பதிந்த ஜாசின் தம்பி ஒருவர் கேட்டார்: "நாலு வருஷமா ஒரு வேலையும் இல்லண்ணே. அப்படியே விட்டுட்டா தானா செத்துடுமா?"

சாகாது தம்பி. எண்டர்பிரைஸ் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். செண்டிரியான் பெர்ஹாட் வேறு ரகம். வியாபாரமே நடக்காவிட்டாலும், பதிவான தேதி ஆண்டுதோறும் வரும்போது 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கணக்கறிக்கை தனி. வருமான வரி வாரியத்துக்கு சி படிவம் வேறு. ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யாமல் விட்டால் 2016 நிறுவனச் சட்டப்படி 50,000 வெள்ளி வரை அபராதம். அது நிறுவனத்தோடு நிற்காது. இயக்குநர்கள் தலையிலும் விழும். பேருக்கு இயக்குநராகப் போட்ட அம்மாவும் மனைவியும் அதில் அடக்கம். நம் வீடுகளில் இப்படித்தானே பதிகிறோம்!

கையில் உறுதியான வேலை வரப்போகிறதா? செயலாளர் கட்டணத்தைக் கட்டி வைத்திருங்கள். 'என்றாவது உதவும்' என்பது மட்டும்தான் காரணமென்றால், 550ஆம் பிரிவின்கீழ் பெயரை நீக்க மனுச் செய்வதே மேல் என்பேன். கடனோ வரிப் பாக்கியோ இருக்கக் கூடாது. பங்குதாரர்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்க வேண்டும்.

மனுவுக்கு முன் ஒன்றைப் பாருங்கள். வங்கியில் கிடக்கும் மிச்சப் பணம், நிறுவனத்தின் பெயரிலுள்ள லோரி, அலோர்காஜாவில் வாங்கிப் போட்ட துண்டு நிலம் எல்லாவற்றையும் முதலில் முறைப்படி தீர்த்துவிடுங்கள். பெயர் நீங்கிய பின் மிஞ்சும் சொத்து பதிவாளர் வசம் போய்விடும். நிறுவனத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்க 7 ஆண்டுகளுக்குள் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அந்தச் செலவுக்கு அந்த லோரியையே விற்க வேண்டியிருக்கும்.